ஸ்டார்க்கர் வாசிப்பு எனக்கு ஏன் வறண்டு கேட்கிறது? (இடது கட்டைவிரல் வலி பற்றியும்)

மாலைவில் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். நான் கோவையில் இருக்கிறேன், வயது 43. சின்ன வயதில் ஆறு வருடம் கர்நாடக வயலின் கற்றுக்கொண்டேன், கல்லூரிக்குப் போனதும் அது விட்டுப்போனது. போன வருடம் சித்திரையில் ஒரு செல்லோ வாங்கினேன், முட்டிகளுக்கு நடுவில் வைத்து வாசிக்கும் பெரிய வயலின் மாதிரியான கருவி. இப்போது பதினாலு மாதம் ஆகிறது. ஞாயிறு காலை ஆன்லைனில் வகுப்பு. மற்ற நாட்களில் சாப்பாடு முடிந்ததும் எட்டரையிலிருந்து ஒன்பதே கால் வரை சாதகம். பாக் எழுதிய ஆறு தனி செல்லோத் தொகுதிகளில் முதல் தொகுதியின் மினுவே என்கிற நடனப் பகுதி வரை தட்டுத்தடுமாறி வந்திருக்கிறேன்.

பிரச்சினை இடது கை. கட்டைவிரலின் அடிச்சதை இருபது நிமிடத்தில் கடுக்கத் தொடங்குகிறது. கழுத்துப்பலகைக்குப் பின்னால் விரலை வைத்து என்னை அறியாமலே நெரிக்கிறேன். காலையில் டப்பா மூடி திறக்கும்போதுகூட வலி தெரிகிறது. என் ஆசிரியர் இரண்டு மாதமாகச் சொல்லிப் பார்த்துவிட்டு, "யானோஷ் ஸ்டார்க்கர் வாசிக்கிற வீடியோவைப் பாருங்கள், அவர் கையை மட்டும் கவனியுங்கள்" என்றார்.

பார்த்தேன். கை அழகுதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் முகத்தில் ஒன்றுமே இல்லை. உடம்பு அசையவில்லை. பாக்கின் முதல் தொகுதியை அவர் வாசித்த பதிவைக் கேட்டேன். சுத்தம், துல்லியம், ஆனால் எனக்குக் கண்ணில் தண்ணீர் வரவில்லை. வேறு சிலர் வாசிக்கும்போது வந்திருக்கிறது. கோடாய் எழுதிய தனி செல்லோ சொனாட்டாவையும் போட்டேன், அரை மணி நேரம் யாரோ கோபமாகப் பேசுவது போல இருந்தது.

மூன்று விஷயம் கேட்க வேண்டும். இவர் யார், என்ன வாழ்க்கை வாழ்ந்தார்? இவரை ஏன் வாசிப்பவர் என்பதைவிட ஆசிரியர் என்று எல்லோரும் தூக்கிப் பிடிக்கிறார்கள்? இவர் வழியில் போனால் என் கட்டைவிரலுக்கு வழி பிறக்குமா? இங்கே செல்லோ வாசிப்பவர்கள் இரண்டு மூன்று பேர் உண்டு என்று தெரியும். நேரம் இருந்தால் விரிவாகவே எழுதுங்கள், படிக்கிறேன்.


நாலுதந்தி எழுதியது:

விரிவாக எழுதச் சொன்னீர்கள், எழுதிவிடுகிறேன். இந்த மனிதரைப் பற்றிப் பேச எனக்கு யாரும் வாய்ப்பே கொடுப்பதில்லை.

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். சிகாகோவுக்குப் பக்கத்தில் இருக்கிறேன். 31 வயதில் செல்லோவைத் தொட்டேன், இப்போது 50. தொழில் வேறு. எனக்குச் சொல்லிக் கொடுத்த ஆசிரியை, புளூமிங்டனில் இந்தியானா பல்கலைக்கழகத்தில் படித்தவர். ஸ்டார்க்கரிடம் நேரடியாக அல்ல, அவர் மாணவர் ஒருவரிடம். அதனால் எனக்குக் கிடைத்தது மூன்றாம் கை சரக்கு. ஆனாலும் என் இடது கையைக் காப்பாற்றியது அதுதான்.

உங்கள் கேள்விக்கு அவருடைய பிறப்பிலிருந்து பதில் சொன்னால் சரியாக வராது. 22 வயதிலிருந்து தொடங்க வேண்டும்.

1946. ஸ்டார்க்கர் ஹங்கேரியை விட்டு வெளியே வந்துவிட்டார். அதுவரை அவர் வாழ்க்கையில் செல்லோ வாசிப்பது என்பது மூச்சு விடுவது மாதிரி. ஆறு வயதிலேயே கையில் செல்லோ. பதினாலு வயதில், வர வேண்டியவர் வர முடியாமல் போக, மூன்று மணி நேர அவகாசத்தில் ஆர்க்கெஸ்ட்ராவோடு வாசிக்கும் த்வோர்ஷாக் கன்செர்ட்டோவை மேடையில் வாசித்தவர். போர் முடிந்ததும் புடாபெஸ்ட் ஓப்பராவிலும் பில்ஹார்மோனிக்கிலும் முதல் செல்லோ, அதாவது செல்லோக் குழுவின் தலைமை இடம். இப்படிப்பட்டவர் ஜெனீவாவில் அந்த வருடம் நடந்த போட்டிக்குப் போய் வெண்கலத்தோடு திரும்பினார். முதல் பரிசு போனது பெரிதல்ல. வியன்னாவிலும் பாரிஸிலும் கழித்த அந்த மாதங்களில், தான் எப்படி வாசிக்கிறோம் என்பதே தனக்குத் தெரியாது என்று அவர் கண்டுகொண்டார். அதுவரை கை தானாக ஓடியது. ஒரு நாள் ஓட மறுத்தபோது, எங்கே பழுது என்று பார்க்க அவரிடம் எந்த வரைபடமும் இல்லை. பின்னாளில் இதைப் பறவையை வைத்துச் சொல்வார்: பாடுகிற பறவைக்குத் தான் எப்படிப் பாடுகிறோம் என்று தெரியாது, குழந்தை மேதைகளும் அப்படித்தான், ஒரு நாள் விழித்துக்கொண்டு அந்தக் கேள்வியைக் கேட்கிறார்கள், பதில் இருப்பதில்லை என்று.

அந்தப் பதிலைத் தேடியதுதான் மீதி அறுபது சொச்ச வருடம். அவர் வாசிப்பில் நீங்கள் வறட்சி என்று கேட்பதும், ஆசிரியர் என்று ஊர் கொண்டாடுவதும் இரண்டும் இங்கேயிருந்து வருபவை.

சரி, இப்போது பின்னோக்கி, பிறப்புக்குப் போகிறேன். 1924 ஜூலை 5, புடாபெஸ்ட். யூதக் குடும்பம். இரண்டு அண்ணன்களும் வயலின். மூன்றாவது பையனுக்குச் செல்லோ கிடைத்ததற்கு அதுவும் ஒரு காரணம் என்று தோன்றுகிறது, வீட்டில் இன்னொரு வயலின் எதற்கு? அங்கே லிஸ்ட் இசை அகாதமியில் அடோல்ஃப் ஷிஃபரிடம் படித்தார். ஷிஃபர் யார் என்றால், டேவிட் பாப்பரின் மாணவர். பாப்பரின் நாற்பது எட்யூடுகள் (பயிற்சித் துண்டுகள்) இன்றைக்கும் ஒவ்வொரு செல்லோ மாணவனும் ஒரு நாள் முட்டிக்கொண்டு அழ வேண்டிய புத்தகம். ஆக பாப்பர், ஷிஃபர், ஸ்டார்க்கர் என்று நேராக ஒரு குரு பரம்பரை. நம் ஊரில் இதைச் சொன்னால் உடனே புரியும்.

எட்டு வயதில் அவருக்கு முதல் சிஷ்யை. இதைப் படித்தபோது நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். எட்டு வயதுப் பையன், ஆறு வயதுக் குழந்தைக்குச் சொல்லிக் கொடுக்கிறான். பன்னிரண்டு வயதுக்குள் ஐந்து மாணவர்கள். அவர் பின்னால் திரும்பத் திரும்பச் சொன்ன ஒரு விஷயம் உண்டு: வாசிக்காமல் என்னால் சொல்லித்தர முடியாது, சொல்லித்தராமல் வாசிக்கவும் முடியாது, செய்வதை இன்னொருவருக்கு விளக்க வேண்டி வரும்போதுதான் உண்மையில் என்ன செய்கிறோம் என்று தெரியவரும் என்கிற பொருளில். அது மேடையில் சொல்லும் அழகு வாக்கியமல்ல. எட்டு வயதிலிருந்து அவர் அப்படித்தான் வாழ்ந்திருக்கிறார்.

பதினைந்து வயதில் கோடாயின் முன்னால் கோடாயின் சொனாட்டாவை வாசித்தார். நீங்கள் கோபமாகப் பேசுவதுபோல் இருக்கிறது என்றீர்களே, அதே சொனாட்டா. 1915-இல் எழுதியது. வாசித்து முடித்ததும் கோடாய் சொன்னது மொத்தம் நாலு வாக்கியம்: முதல் பகுதி வேகம் அதிகம், இரண்டாவது சரி, மூன்றாவதில் மாறுபாடுகளுக்கு நடுவே ரொம்ப வெட்டாதே, குட் நைட். 1967-இல், கோடாய் இறப்பதற்குச் சற்று முன்பு, மறுபடி அவர் முன்னால் வாசித்தார். மூன்றாம் பகுதியில் வேகம் தளரும் ஓரிடத்தை மட்டும் சரிசெய்தால் இதுவே வேதம் என்கிற மாதிரி கோடாய் சொன்னதாக ஸ்டார்க்கர் நினைவுகூர்ந்திருக்கிறார். இரண்டு சந்திப்புக்கும் நடுவே 28 வருடம். அதே படைப்பு, அதே மனிதர்.

நடுவில் போர். இதை நான் சுருக்கமாகத்தான் சொல்லப் போகிறேன். செப்பெல் தீவு முகாமில் அடைபட்டிருந்தார், பிழைத்தார். வயலின் வாசித்த இரண்டு அண்ணன்களும் திரும்பி வரவில்லை. அவருடைய முகத்தில் ஒன்றுமே இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த முகத்துக்கும் இதற்கும் முடிச்சுப் போட எனக்கு உரிமை இல்லை, போடவும் மாட்டேன். ஆனால் இது நடந்தது என்று தெரிந்துகொண்டு அந்தக் கோடாயை இன்னொரு தடவை கேளுங்கள்.

பாரிஸில் அந்தச் சொனாட்டாவை இசைத்தட்டுக்கு வாசித்தார், 1948-இல் அதற்கு பிரான்சின் கிராண்ட் ப்ரீ து டிஸ்க் என்கிற இசைத்தட்டு விருது கிடைத்தது. அதே வருடம் அமெரிக்கா. அங்கே அவரை ஏற்றுக்கொண்ட இசை நடத்துநர்களைப் பாருங்கள்: டல்லஸ் ஆர்க்கெஸ்ட்ராவில் அன்டால் டோராட்டி, மறு வருடம் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் ஓப்பராவில் ஃப்ரிட்ஸ் ரைனர், 1953-இல் சிகாகோ சிம்பொனிக்கு ரைனர் வந்தபோது கூடவே இவரும். டோராட்டி, ரைனர் எல்லோரும் அதே லிஸ்ட் அகாதமிப் பிள்ளைகள். ஊர்விட்டு ஊர் வந்தவர்கள் ஒருவரையொருவர் கைதூக்கிவிட்டிருக்கிறார்கள்.

1958-இல் சிகாகோவின் முதல் செல்லோ நாற்காலியை விட்டு எழுந்தார். உலகத்தின் மிகச் சிறந்த ஆர்க்கெஸ்ட்ராக்களில் ஒன்று அப்போது அது. அதை விட்டுவிட்டு அவர் போன இடம் புளூமிங்டன். நான் காரில் போயிருக்கிறேன், இங்கிருந்து நாலு மணி நேரம், கடைசி ஒரு மணி நேரம் சோளக்காடு. வில்ஃப்ரட் பெயின் என்கிற டீன் அங்கே ஒரு இசைப்பள்ளியை வளர்த்துக்கொண்டிருந்தார். பியானோவுக்கு கியோர்கி ஷெபோக், வயலினுக்கு ஜோசப் கிங்கோல்ட், செல்லோவுக்கு இவர். 2013 ஏப்ரல் 28-இல் இறந்ததும் அதே ஊரில்தான். ஐம்பது வருடத்துக்கு மேல். ஜப்பானின் சுயோஷி சுட்சுமி, ஜெர்மனியின் மரியா கிளீகல், கேரி ஹாஃப்மன் எல்லோரும் அந்த வகுப்பறைக்குள் போய் வந்தவர்கள்.

இப்போது உங்கள் கட்டைவிரல்.

கர்நாடக வயலினில் நாம் சம்மணமிட்டு உட்கார்ந்து, வயலினின் தலையை வலது பாதத்தில் ஊன்றிவிடுகிறோம். கருவியைத் தாங்கும் வேலை இடது கைக்குக் கிடையாது. உங்கள் கைக்கு அந்த விடுதலை ஏற்கெனவே தெரியும். ஆனால் செல்லோவின் கழுத்து தடிமன், தந்திகள் கனம், விரல் இடைவெளி பெரிது. பயத்தில் கை இடுக்கிபோல் ஆகிவிடுகிறது: முன்னால் நாலு விரல், பின்னால் கட்டைவிரல், நடுவில் கழுத்துப்பலகை. எனக்கும் முதல் மூன்று வருடம் இதே கதை.

ஸ்டார்க்கர் வழியில் முதல் பாடம், அழுத்தம் விரலிலிருந்து வரக்கூடாது என்பது. அது முதுகிலிருந்து வர வேண்டும். முதுகு, தோள், முழங்கை, கை, விரல் நுனி. கையின் கனம் தந்தியின் மேல் தொங்குகிறது, அவ்வளவுதான். அப்படியானால் செல்லோ பின்னால் சாய்ந்துவிடாதா? சாயாது. அது ஏற்கெனவே உங்கள் நெஞ்சில் சாய்ந்திருக்கிறது. எதிர்ப்பக்கத்தைத் தாங்குவது உங்கள் நெஞ்சு. கட்டைவிரல் அங்கே செய்ய ஒரு வேலையும் இல்லை. என் ஆசிரியை இதைச் சொன்ன அன்று எனக்குக் கோபம் வந்தது, இதை ஏன் மூன்று வருடத்துக்கு முன்பே யாரும் சொல்லவில்லை என்று.

செய்து பாருங்கள். கட்டைவிரலைக் கழுத்திலிருந்து முழுக்க எடுத்துவிடுங்கள். டி மேஜர் ஸ்கேல் என்கிற ஸ்வர வரிசை, முதல் நிலையில், மெதுவாக. செல்லோ திரும்பினால் முட்டிகளால் லேசாக அணைத்துக்கொள்ளுங்கள். முதல் நாள் சத்தம் சவசவ என்றுதான் வரும். விரலால் ஈடுகட்டப் பார்க்காதீர்கள். முழங்கையை ஒரு அங்குலம் தூக்கி, தோளைக் கீழே விட்டு, கை மொத்தமும் தந்தியில் தொங்குகிறது என்று உணரும்வரை நிறுத்தி நிறுத்திச் செய்யுங்கள். பத்து நிமிடம் போதும். அப்புறம் கட்டைவிரலைத் திரும்ப வைக்கலாம், இரண்டாம் விரலுக்கு நேர் பின்னால், தொட்டும் தொடாமலும்.

இரண்டாவது பாடம் மூச்சு. ஸ்வரம் தொடங்குவதற்கு முன்பே அசைவு தொடங்கிவிட வேண்டும். ஒரு நிலையிலிருந்து இன்னொரு நிலைக்கு இடது கை போகும்போது, போய்ச் சேர்வதற்குச் சற்று முன்னால் மூச்சும் முழங்கையும் கிளம்பியிருக்க வேண்டும். அவருடைய வீடியோவைச் சத்தத்தை அணைத்துவிட்டுப் பாருங்கள். எந்த அசைவும் மூலை திரும்பாது. எல்லாம் வளைவு. நின்று பின் கிளம்பும் இடமே இருக்காது.

இப்போது வறட்சிக்கு வருகிறேன். மேடையில் வாசிப்பவர் உணர்ச்சிவசப்பட வேண்டியதில்லை, கேட்பவருக்குத்தான் அது நடக்க வேண்டும் என்பது அவர் கட்சி. வாசிக்கும்போது கண்ணை மூடித் தலையை ஆட்டுவது, உடம்பை வளைப்பது எதுவும் அவருக்குப் பிடிக்காது. அந்த அசைவு ஒவ்வொன்றும் எங்கோ ஒரு தசையை இறுக்குகிறது, இறுக்கம் சத்தத்தில் தெரியும். 22 வயதில் கை நின்றுபோன ஒருவர் இதைச் சொல்கிறார் என்பதை மறக்காமல் கேட்க வேண்டும். எனக்கு அது வறட்சியாகக் கேட்கவில்லை. யாரும் தோளைப் பிடித்து உலுக்காமல் என்னிடம் ஒன்றைச் சொல்கிறார் என்று கேட்கிறது. உங்களுக்கும் அப்படிக் கேட்டே ஆக வேண்டும் என்று இல்லை.


பழையதட்டு எழுதியது:

நாலுதந்தி எழுதியதில் ஒரு இடத்தில் மட்டும் நான் முரண்படுகிறேன், அதைக் கடைசியில் சொல்கிறேன். நான் வாசிப்பவன் இல்லை. முப்பது வருடமாக இசைத்தட்டு சேர்ப்பவன், கேட்பவன் பக்கத்திலிருந்து பேசுகிறேன்.

மாலைவில், நீங்கள் எந்தப் பதிவைக் கேட்டீர்கள் என்று எழுதவில்லை. இவர் பாக்கின் ஆறு தொகுதிகளையும் ஐந்து முறை பதிவு செய்தவர். ஐந்தும் ஐந்து மனிதர்கள். பெரும்பாலும் எல்லோர் கையிலும் கிடைப்பது மெர்குரி நிறுவனத்துக்கு 1963-லும் 1965-லும் செய்தது. மைக் மிக அருகில் இருப்பதுபோல் கேட்கும், வில் தந்தியைக் கடிக்கிற சத்தம், விரல் விழுகிற சத்தம் எல்லாம் வரும். அறை எதிரொலி என்கிற போர்வையே கிடையாது. பழகாத காதுக்கு அது வறட்சிதான். கடைசியாக ஆர்சிஏ நிறுவனத்துக்கு 1992-இல், அறுபத்தெட்டு வயதை நெருங்கியபோது வாசித்தது வேறு. இன்னும் அகலம், இன்னும் நிதானம். அதற்குத்தான் 1998-இல் கிராமி கிடைத்தது. அதிலிருந்து இரண்டாம் தொகுதியின் சரபாண்ட் என்கிற மெதுவான நடனப் பகுதியை இரவில், விளக்கை அணைத்துவிட்டுக் கேளுங்கள். முதல் தொகுதியை உங்கள் காது ஏற்கெனவே வேறு யாரோ வாசித்ததாக மனப்பாடம் செய்து வைத்திருக்கிறது, அதனால் அதை விடுங்கள்.

கோடாய் சொனாட்டா விஷயம். 1950-இல் நியூயார்க்கில் பீரியட் என்கிற சின்ன நிறுவனத்துக்கு அவர் வாசித்த தட்டைப் பதிவு செய்தவர் பீட்டர் பார்டோக். இசையமைப்பாளர் பேலா பார்டோக்கின் மகன். கோடாயும் பேலா பார்டோக்கும் கிராமம் கிராமமாகப் போய் நாட்டுப்பாடல் சேகரித்த நண்பர்கள். அந்த நண்பரின் பிள்ளை மைக்கை வைக்க, ஊர்விட்டு வந்த இன்னொரு ஹங்கேரிக்காரர் வாசிக்கிறார். நாலுதந்தி சொன்ன "கைதூக்கிவிடுதல்" இங்கேயும் இருக்கிறது. மோனோ பதிவுதான், ஆனால் செல்லோ நம் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். அந்தக் காலத்தில் புதிதாக ஸ்பீக்கர் வாங்கியவர்கள் அதைச் சோதிக்க இந்தத் தட்டைப் போட்டிருக்கிறார்கள்.

கோபம் என்று கேட்டது தவறல்ல. ஆனால் நடுவில் வரும் அடாஜியோ என்கிற மெதுவான பகுதியை மட்டும் தனியாகப் போட்டுப் பாருங்கள்.

முரண்படும் இடம் இது: அவருடைய உணர்ச்சி அடங்கியது என்று பொதுவாகச் சொல்லிவிட முடியாது. கூட ஒருவர் வாசிக்கும்போது அவர் வேறு ஆள். ஷெபோக்கின் பியானோவுடன் பிராம்ஸ் சொனாட்டாக்கள் இரண்டும் மெர்குரியில் இருக்கின்றன. இருவரும் புடாபெஸ்டின் லிஸ்ட் அகாதமியில் படித்தவர்கள். முதல் சொனாட்டாவின் தொடக்கத்தில் செல்லோ கீழ்த்தந்தியிலிருந்து ஏறி வரும். அங்கே யாரும் அவரை வறட்சி என்று சொல்ல முடியாது.


சின்னக்கை எழுதியது:

நான் குழந்தைகளுக்குச் செல்லோ சொல்லித்தருகிறேன், பெரும்பாலும் ஏழிலிருந்து பதினைந்து வயது. இரண்டு எச்சரிக்கை மட்டும்.

டப்பா மூடி திறக்கும்போது வலி என்றால் அது சாதக நேரத்தைத் தாண்டிவிட்ட வலி. முதலில் ஒரு பிசியோதெரபிஸ்டிடம் கையைக் காட்டுங்கள். அதுவரை ஒரு நாள் விட்டு ஒரு நாள், பத்துப் பத்து நிமிடமாகப் பிரித்து வாசியுங்கள். எனக்கு 26 வயதில் இதே இடத்தில் வலி வந்தது. அப்போது எனக்குக் கற்றுத்தந்தவர் வலியைத் தாண்டி வாசி, பழகிவிடும் என்றார். நானும் வாசித்தேன். நாலு மாதம் வில்லைத் தொட முடியாமல் போனது. அந்த நாலு மாதத்தை இன்றுவரை மறக்கவில்லை. என் மாணவர்கள் யாராவது "வலிக்குது மிஸ்" என்றால் அந்த நொடியே வில்லைக் கீழே வைக்கச் சொல்லிவிடுவேன்.

இரண்டாவது, ஸ்டார்க்கர் என்றதும் அவர் 1960-களில் வெளியிட்ட இடது கைப் பயிற்சிப் புத்தகத்தைத் தேடி வாங்கிவிடாதீர்கள். தந்திப் பலகை முழுவதையும் ஒரு கணக்காக்கி, எந்த நிலையிலிருந்து எந்த நிலைக்கும் விரல் போகப் பழக்கும் புத்தகம் அது. அருமையானது. ஆனால் பதினாலு மாதத்துக்கானது அல்ல. பாப்பர் எட்யூடும் அப்படித்தான். இருக்கிற டி மேஜர் ஸ்கேல் போதும்.

அவர் கறாரான வாத்தியார். வகுப்பில் முகஸ்துதி எதிர்பார்க்க முடியாது என்று அவரிடம் படித்தவர்கள் பலர் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்கள். எனக்கு அந்தக் கறார் ஒத்துவராது, நான் சின்னப் பிள்ளைகளோடு இருக்கிறேன். ஆனால் அவர் மாணவர்கள் ஒருவர் மாதிரி ஒருவர் வாசிப்பதில்லை, அவர் மாதிரியும் வாசிப்பதில்லை. ஹாஃப்மனையும் கிளீகலையும் அடுத்தடுத்துக் கேட்டால் தெரியும். தன் பாணியைத் திணிக்காமல் கையின் கணக்கை மட்டும் சொல்லிக்கொடுத்து அனுப்பியிருக்கிறார். ஓர் ஆசிரியராக எனக்கு அவரிடம் பொறாமை உண்டு என்றால் அதற்காகத்தான்.


மாலைவில் எழுதியது:

மூன்று பேருக்கும் நன்றி. பத்து நாள் கழித்து எழுதுகிறேன், சும்மா நன்றி மட்டும் சொல்லிவிட்டுப் போகக்கூடாது என்று காத்திருந்தேன்.

பிசியோவிடம் போனேன். தசைநாரில் பெரிய சேதம் இல்லை, வீக்கம் ஆரம்பம்தான், சரியான நேரத்தில் வந்தீர்கள் என்றார். இரண்டு வாரம் குறைவாக வாசிக்கச் சொன்னார். சின்னக்கை, உங்களுக்குத் தனியாக நன்றி.

கட்டைவிரல் இல்லாமல் டி மேஜர் வாசித்தேன். முதல் மூன்று நாள் அழுகை வந்தது, உண்மையாகவே. பதினாலு மாதம் சேர்த்த சத்தம் எங்கே போனது என்று. நாலாம் நாள் நாலாம் விரல் ஜி தந்தியில் விழுந்தபோது அறைக்கதவு லேசாக அதிர்ந்தது. அம்மா உள்ளேயிருந்து "என்னடி அது" என்று கேட்டார்கள். நெரிக்கும்போது அந்தச் சத்தம் எனக்கு ஒருநாளும் வந்ததில்லை.

பிராம்ஸ் கேட்டேன். பழையதட்டு சொன்னது சரி. இரண்டாம் தொகுதியின் சரபாண்டை விளக்கை அணைத்துவிட்டுக் கேட்டேன். அழவில்லை. ஆனால் முடிந்த பிறகு வேறு எதையும் போடத் தோன்றவில்லை, அப்படியே தூங்கப் போய்விட்டேன். வறட்சி என்று எழுதியதை இப்போது எழுத மாட்டேன். வேறு என்ன சொல் போடுவது என்று இன்னும் தெரியவில்லை.

இன்னும் ஒரு கேள்வி. அந்த முகாமிலிருந்து வந்து, இத்தனை வேலை மாறி, ஐம்பது வருடம் வகுப்பெடுத்து, நடுவில் மேடையும் ஏறியிருக்கிறார். ஒன்றுக்காக ஒன்றை அவர் விடவே இல்லையா? நான் வேலையையும் நாற்பத்தைந்து நிமிடத்தையும் வைத்துக்கொண்டே திணறுகிறேன்.


நாலுதந்தி எழுதியது:

கதவு அதிர்ந்ததைப் படித்து எனக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. என் வீட்டில் கண்ணாடி டம்ளர் அதிர்ந்தது, 2009-இல்.

விட்டது ஒன்றுதான், ஆர்க்கெஸ்ட்ரா நாற்காலி. ஆசிரியர் வேலையையும் மேடையையும் ஒருசேர வைத்துக்கொள்ளத்தான் அதை விட்டார் என்று நான் படித்துக்கொள்கிறேன். பல்கலைக்கழகம் 1962-இலேயே அவருக்கு மிக உயர்ந்த பேராசிரியர் பதவி கொடுத்துவிட்டது. அதற்குப் பிறகும் கச்சேரி, பதிவு, மறுபடி வகுப்பு. 1965 வரை ஸ்ட்ராடிவேரி என்ற பழைய இத்தாலியக் கலைஞர் செய்த ஒரு செல்லோ, அப்புறம் கடைசிவரை 1705-இல் வெனிஸில் மத்தேயோ கோஃப்ரில்லர் செய்த செல்லோ. 1979-இல் புளூமிங்டனில் ஏவா யான்சர் என்கிற சக இசைக்கலைஞரின் நினைவாக ஒரு செல்லோ மையம் தொடங்கியதிலும் அவர் கை இருக்கிறது. மற்ற செல்லோக்காரர்களை அழைத்து மரியாதை செய்வது அந்த மையத்தின் வழக்கம். செல்லோவின் தந்திகளைத் தாங்கும் குதிரையைக்கூட விட்டுவைக்கவில்லை, அதில் கூம்பு வடிவத்தில் சின்னத் துளைகள் போட்டால் சத்தம் இன்னும் வெளியே வரும் என்று சோதித்து, அந்த மாதிரிக்குத் தன் பெயரையே வைத்துவிட்டார்.

நீங்கள் நாற்பத்தைந்து நிமிடத்தைப் பற்றிக் கேட்டீர்கள். என் ஆசிரியை எனக்குச் சொன்னதைத்தான் சொல்ல முடியும். வீட்டில் யாருக்காவது சொல்லிக்கொடு என்றார். யாருக்கு என்றேன். யாருக்காவது என்றார். அப்போது ஒன்பது வயதாக இருந்த என் அண்ணன் மகளுக்கு வில் பிடிக்கச் சொல்லிக்கொடுத்தேன். "சித்தப்பா, சுண்டுவிரல் ஏன் வளையணும்?" என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. நான் ஏழு வருடமாக வளைத்துக்கொண்டிருந்தேன். அன்றிரவு கண்ணாடி முன்னால் நின்று, சுண்டுவிரலை நீட்டியும் வளைத்தும் வில்லின் அடிப்பக்கக் கனம் எங்கே இறங்குகிறது என்று ஒரு மணி நேரம் பார்த்தேன். அடுத்த வாரம் அவளுக்குப் பதில் சொன்னேன். என் வில் அந்த வாரம்தான் நடுங்குவதை நிறுத்தியது. உங்கள் அம்மா "என்னடி அது" என்று கேட்டார்களே, அவர்களுக்கே விளக்கிச் சொல்லிப் பாருங்கள்.

கை ஆறும் இந்த இரண்டு வாரத்துக்கு ஒரு வேலை தருகிறேன், இடது கையே வேண்டாம். கோடாய் அந்தச் சொனாட்டாவுக்காக செல்லோவின் சுருதியையே மாற்றச் சொல்கிறார். கீழ்த்தந்தி சி-யை அரை ஸ்வரம் இறக்கி பி ஆக்க வேண்டும், அதற்கு மேலுள்ள ஜி-யை அரை ஸ்வரம் இறக்கி எஃப் ஷார்ப் ஆக்க வேண்டும். டி-யும் ஏ-யும் அப்படியே. தந்தியை முறுக்கும் ஆணியை மெதுவாகத் திருப்புங்கள், இறக்குவதால் தந்திக்கு ஆபத்து இல்லை. இறக்கிய பிறகு இடது கையை மடியில் வைத்துவிட்டு, நாலு வெறும் தந்திகளையும் கீழேயிருந்து மேலே, ஒவ்வொன்றுக்கும் ஒரு முழு வில் கொடுத்து வாசியுங்கள். பி, எஃப் ஷார்ப், டி, ஏ. வில் தொடங்கும் முன் மூச்சை இழுங்கள். உங்கள் செல்லோ வேறு செல்லோ ஆகிவிட்டது போல இருக்கும். கீழ்த்தந்தி தளர்ந்து, கொஞ்சம் கரகரத்து, தரையில் இறங்கும். அதைக் கேட்டுவிட்டு அந்த 1950 பதிவின் முதல் நிமிடத்தைப் போடுங்கள். கேட்டது எப்படி இருந்தது என்று இங்கே எழுதுங்கள், நான் வந்து பார்க்கிறேன்.